வாளை அறுத்தால் அரிவாள் ஆகுமா?

1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள ஒரு விளையாட்டுப் பொருள் வணிக நிலையத்துக்கு அஞ்சலில் ஒரு கட்டளைச் சீட்டு வந்து சேர்ந்தது. சஞ்சிகை விளம்பரத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட சீட்டு அது. அதனுடன் 21 டொலர் 45 சதத்துக்கான காசுக்கட்டளையும் இருந்தது. துப்பாக்கிக்கும் அதன்மேற் பூட்டப்பட்ட தொலைநோக்கிக்குமாக 19 டொலர் 95 சதம். எஞ்சிய ஒன்றரை டொலர் அஞ்சற் செலவு. வாங்குபவர் பெயர் ஹிடெல் என்றிருந்தது. அது பொய்ப்பெயர். பொருள் குறித்த நாளில் டலஸ் நகரத்து அஞ்சற்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 22ஆந் திகதி ஜனாதிபதி ஜோன் கென்னடி அதே நகரத்து வீதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கருவி அந்த 19 டொலர் 95 சதத் துப்பாக்கியே என விசாரணை ஆணைக்குழு முடிவு செய்தது.

அத்துப்பாக்கி பிறந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. இத்தாலி நாட்டின் டெர்னி ஆயுதசாலையில் 1940இல், முசோலினியின் படைக்காகச் செய்யப்பட்டது அது. போர் முடிந்தது, முசோலினி முடிந்தான், துப்பாக்கி முடியவில்லை. பழைய இரும்பாக எடைபோட்டு விற்கப்பட வேண்டியது கடல் கடந்து வந்து, மலிவான தொலைநோக்கி ஒன்று பூட்டப்பெற்று, வேட்டைக் கருவி என்ற புதுப்பெயருடன் கடைத்தட்டில் ஏறிற்று. போருக்கென வார்க்கப்பட்ட கருவி குடிமகனின் வீட்டுக்குள் நுழையும்போது அதற்கு என்ன மாற்றம் செய்யப்படுகின்றது, அம்மாற்றத்தைச் சட்டம் எந்த அளவுகோலால் அளக்கின்றது என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். போர் ஓய்ந்த பின்னரும் ஆயுதம் ஓய்வதில்லை என்பதை நேரில் கண்ட நாட்டில் வாழும் நமக்கு இது அயலார் வீட்டுக் கதை மட்டுமன்று.

முதலில் அந்த வணிகத்தின் தோற்றத்தைச் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகள் யாவும் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறின. தாழை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு ரவையாகச் சுடும் பழைய துப்பாக்கிகள் இலட்சக் கணக்கில் படைக் களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்தன. பிரிட்டனின் லீ-என்பீல்ட், ஜேர்மனியின் மவுசர், இத்தாலியின் கார்க்கானோ, இரசியாவின் மோசின்-நாகன்ட் எல்லாம் இவ்வகையின. இவற்றை மொத்தமாக வாங்கி அமெரிக்கச் சந்தையிற் சில்லறையாக விற்கலாம் எனக் கண்டவர் சாமுவேல் கமிங்ஸ் என்பவர். அமெரிக்க உளவுத்துறையிற் பணியாற்றியவர்; 1953இல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். வேர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா நகரில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் அவருடைய பண்டகசாலைகள் நிரையாக நின்றன. ஆற்றுக்கு மறுகரையிற் சற்று வடக்கே அமெரிக்கத் தலைநகரம். ஒரு நாட்டின் பாராளுமன்றத்துக்குச் சில மைல் தூரத்திலே, பல நாட்டுப் படைகளின் ஆயுதம் தனி மனிதர் ஒருவரின் கிடங்கில் அடுக்கப்பட்டிருந்தது. கமிங்ஸ் 1998இல் இறக்கும்வரை இந்த வணிகத்தின் முடிசூடா மன்னராகவே விளங்கினார்.

பழைய படைத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கி ஆவது எப்படி? பட்டறையிலே குழலைச் சுற்றியுள்ள நீண்ட மரத்தை அறுத்துக் குறுக்குவார்கள். முனைக்கத்தி பூட்டும் கொளுவியை அராவித் தள்ளுவார்கள். குழல் அதிக நீளமாயின் வெட்டுவார்கள். ஆயின் 16 அங்குலத்துக்குக் குறையலாகாது, குறைந்தால் வேறொரு கடுஞ்சட்டம் பாயும். மேலே துளையிட்டுத் தொலைநோக்கியைப் பொருத்துவார்கள். பிடங்கைக் கடைந்து மெருகிடுவார்கள். சிலர் குழலையே மாற்றி, உள்ளூரில் எளிதிற் கிடைக்கும் ரவைக்கு ஏற்பச் செய்வர். இவ்வளவுதான். சுடும் பொறி படையில் இருந்தபோது இருந்தவாறே இருக்கும்.

இதில் நாம் பெருங்குற்றம் காணவில்லை. மானை வீழ்த்தவோ, பயிரை அழிக்கும் விலங்கைத் துரத்தவோ ஓர் உழவனுக்குத் துப்பாக்கி வேண்டும். நம் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இரவிற் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போன வயலைக் காலையிற் கண்டு நெஞ்சு வெதும்பிய உழவரிடம், துவக்கு என்ற சொல்லே கூடாது என உபதேசிக்க நாம் முன்வரமாட்டோம். தாழை இழுத்து ஒவ்வொன்றாகச் சுடும் துப்பாக்கி, பிறந்த இடம் படையாயினும், செய்யும் வேலையால் வேட்டைத் துப்பாக்கிக்குச் சமமே. அமெரிக்க நாட்டுப்புறத்து ஏழைக் குடியானவன் புதுத் துப்பாக்கியின் விலையிற் சிறு பங்கைக் கொடுத்து அதனை வாங்கினான். இடையில் ஒரு வேடிக்கை. அன்று அறுக்காமல் விடப்பட்டவற்றுக்கே இன்று சேகரிப்பாளர் அதிக விலை தருகின்றனர். தகப்பன் வாளால் அறுத்து அழகுபடுத்தியதை மகன் கண்டு தலையில் அடித்துக்கொள்கின்றான். 1968க்குப் பின் இறக்குமதியாளர் தம் பெயரையும் ஊரையும் துப்பாக்கியின் இரும்பிற் பொறிக்கவேண்டும் என்ற விதி வந்தது. அந்தப் பொறிப்பைக் கூட ஒரு வடுவாகவே கருதும் சேகரிப்பாளர் உளர்.

குற்றம் எங்கே தொடங்கிற்று? சட்டத்தின் நோக்கம் ஒன்றாகவும் பேச்சு வேறாகவும் அமைந்த இடத்திலே தொடங்கிற்று.

1958ஆம் ஆண்டிலே, பிறநாட்டுப் படைகளின் பழைய துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கவேண்டும் என்று அமெரிக்க செனற் சபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர் மசாசூசெற்ஸ் மாநில உறுப்பினர் ஜோன் கென்னடி. ஆம், அவரேதான். அந்த மசோதா முழுவடிவில் நிறைவேறியிருப்பின், ஐந்தாண்டுகளின் பின் அவரைக் கொன்ற வகைத் துப்பாக்கி அந்நாட்டுக் கரையிற் சட்டப்படி இறங்கியிராது. விதியின் விளையாட்டு என்று சொல்லிவிட்டு நாம் அப்பாற் செல்லலாம். ஆனால் வழக்கறிஞர் கண்ணுக்கு வேறொன்று தெரிகின்றது. அம்மசோதாவின் பின்னணி உயிர்ப் பாதுகாப்பன்று. அம்மாநிலத்திலும் அயல் மாநிலங்களிலும் துப்பாக்கித் தொழிற்சாலைகள் நிறைந்திருந்தன. மலிவான அந்நியச் சரக்கு தம் வயிற்றில் அடிக்கின்றது என்று அவை முறையிட்டன. அவர்களுக்காகவே மசோதா எழுந்தது. அமெரிக்கா பிறநாடுகளுக்கு உதவியாகக் கொடுத்த தன் சொந்தத் துப்பாக்கிகள் திரும்பி வருவதை மட்டும் தடுப்பதாக அது இறுதியிற் சுருங்கிற்று.

கென்னடியின் கொலைக்குப் பின்னரும் சட்டம் உடனே வரவில்லை. கனெற்றிகட் மாநில செனற்றர் தொமஸ் டொட் அஞ்சல்வழித் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த ஆண்டுக்காண்டு முயன்று தோற்றார். 1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஜூனில் ரொபேட் கென்னடி சுடப்பட்டார். அதன் பின்னரே, அவ்வாண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி, ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற் கையொப்பமிட்டார். மூன்று பெருந்தலைவர்களின் குருதி வேண்டியிருந்தது ஓர் அஞ்சற் சீட்டை நிறுத்துவதற்கு!

அச்சட்டம் மாநிலங்களுக்கு இடையே அஞ்சல்வழி விற்பனையைத் தடுத்தது, அது நன்று. படைகளின் உபரித் துப்பாக்கி இறக்குமதியையும் தடுத்தது. ஏனைய இறக்குமதிகளுக்கு, அவை விளையாட்டு நோக்கத்துக்குத் தக்கனவா என்ற ஓர் உரைகல்லை வைத்தது. விளையாட்டு நோக்கம் என்றால் யாது? சட்டம் அதற்கு வரைவிலக்கணம் கூறவில்லை. நிர்வாகத்தின் கையில் விட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த உரைகல் கப்பலில் வரும் துப்பாக்கிக்கு மட்டுமே. அதே வடிவில், அதே ஆற்றலுடன் உள்நாட்டுத் தொழிற்சாலை ஒன்று செய்வதற்கு அதனால் யாதொரு தடையுமில்லை. ஒரு சன்னம் கடல் கடந்து வந்தால் கொடியது, உள்ளூரில் வார்க்கப்பட்டால் நல்லது என்ற இந்த நியாயம் எந்தச் சட்டக் கல்லூரியிற் போதிக்கப்பட்டது என்று நாம் கேட்கின்றோம். மேலும், முழுக் கைத்துப்பாக்கி வரத்தான் தடை. உறுப்புகளாகப் பிரித்துக் கொண்டுவந்து உள்ளூரிற் பூட்ட வழி திறந்தே கிடந்தது. 1984இல் இன்னொரு கதவும் திறந்தது. அரும்பொருள் அல்லது வரலாற்றுச் சின்னம் என்று கொள்ளத்தக்க, பெரும்பாலும் 50 ஆண்டு கடந்த படைத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்யலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. சேகரிப்பாளருக்கு அது திருநாள்.

அதற்குள் சந்தையின் தன்மையே மாறிவிட்டது. தாழ் இழுக்கும் துப்பாக்கி போய், அரைத் தானியங்கி வந்தது. விசையை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு சன்னம். அடுத்த ரவை தானே ஏறும். கலஷ்னிக்கோவ் என உலகறிந்த படைத் துப்பாக்கியின் தொடர்ந்து சுடும் ஆற்றலை மட்டும் நீக்கி, எஞ்சியதை அப்படியே வைத்துச் சீனத் தொழிற்சாலைகள் அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பின. 1989 ஜனவரி 17ஆந் திகதி கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் நகரில், பாடசாலை இடைவேளையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்மீது ஒருவன் அத்தகைய துப்பாக்கியாற் சுட்டான். ஐந்து குழந்தைகள் மாண்டனர். முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்களில் நால்வர் கம்போடியக் குடும்பத்தினர்; ஒருவர் வியட்னாமியர். கலஷ்னிக்கோவின் ஓசைக்குத் தப்பி உலகின் மறுகோடிக்கு ஓடிய பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். புலம்பெயர்ந்த உறவினர் இல்லாத தமிழ் வீடு இன்று அரிது. இதற்குமேல் நம் வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அவ்வாண்டு யூலையில் ஜனாதிபதி புஷ்ஷின் அரசு 43 வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் விளையாட்டு நோக்கத்துக்குத் தக்கனவல்ல என்று கூறி அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. வணிகர் என்ன செய்தனர்? தனியாக நீண்ட கைப்பிடியை எடுத்துவிட்டுப் பிடங்கில் பெருவிரல் நுழையும் ஒரு துளையிட்டனர். முனைக்கத்திக் கொளுவியை நீக்கினர். பெயரை விளையாட்டுத் துப்பாக்கி என மாற்றினர். அதே பொறி, அதே ரவை, அதே வேகம். பிடங்கில் ஒரு துளை மட்டும் புதிது. அத்துளை வழியே பல்லாயிரம் துப்பாக்கிகள் மீண்டும் நாட்டுக்குள் நுழைந்தன. 1998இல் கிளிண்டன் அரசு, பெரிய படை ரவைக்கூடுகளை ஏற்கும் வகைகளை விலக்கி, அத்துளையை அடைத்தது. ஒரு துளையை அடைக்க ஒன்பது ஆண்டுகள்!

இதனிடையே 1990இல் வந்த சட்டமே இவற்றுள் மிக விசித்திரமானது. இறக்குமதி செய்யத் தகாத துப்பாக்கியை இறக்குமதி உறுப்புகளைக் கொண்டு உள்நாட்டிலே பூட்டுவதும் குற்றம் என்றது அது. பின் வகுக்கப்பட்ட விதி, குழல், தாழ், விசை, சுத்தியல், பிடங்கு, கைப்பிடி, ரவைக்கூட்டின் உடல், அதன் அடித்தகடு என 20 உறுப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் 10க்கு மேற்பட்டவை பிறநாட்டவையாக இருத்தலாகாது என்று வரையறுத்தது. ஆகவே இன்று அங்குள்ள பட்டறைக்காரர் செய்வது யாதெனில், ருமேனியாவிலோ போலந்திலோ இருந்து வரும் துப்பாக்கியின் விசையைக் கழற்றி அமெரிக்க விசையைப் பூட்டுகின்றார்; கைப்பிடியைக் கழற்றி அமெரிக்கக் கைப்பிடியைப் பூட்டுகின்றார்; ரவைக்கூட்டின் அடித்தகட்டைக்கூட மாற்றி எண்ணிக்கையைச் சரிக்கட்டுகின்றார். பதினோராவது உறுப்பு அந்நியமாயின் அவர் குற்றவாளி; பத்தோடு நின்றால் நற்குடிமகன். இவ்வாறு மாற்றப்பட்ட துப்பாக்கி முன்னையதிலும் மெதுவாகச் சுடுமா? இல்லை. இலக்குத் தவறுமா? அதுவும் இல்லை. உறுப்பு செய்யும் உள்ளூர் வணிகருக்கு ஒரு சந்தை பிறந்தது என்பதைத் தவிர வேறு பயன் யாதென எம்மாற் காண இயலவில்லை. நீதிமன்றத்தில் நாம் எத்தனையோ தொழில்நுட்ப வாதங்களைக் கேட்டிருக்கின்றோம். சிலவற்றை நாமே எடுத்துரைத்துமிருக்கின்றோம். ஆனால் ஒரு கொலைக்கருவிக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டு அதன் தீமையை அளக்கும் வாதத்தை வேறெங்கும் கண்டதில்லை.

உண்மையான படைத் துப்பாக்கிகளின் நிலை வேறு. தொடர்ந்து சுடும் தானியங்கிகள் முழுமையாக வரமுடியாது. அமெரிக்கச் சட்டத்தின்படி பொறியைத் தாங்கும் இரும்புக் கூடே துப்பாக்கி. மற்றவை வெறும் உறுப்புகள். எனவே அக்கூட்டை அனல்கொண்டு பல துண்டாக வெட்டி அழித்துவிட்டு, எஞ்சிய உறுப்புகளைப் பெட்டியிலடைத்து அனுப்புவர். அங்குள்ள பட்டறை, தொடர்ந்து சுடாத வகையில் புதுக்கூடு செய்து அவற்றைப் பூட்டும். 2005இலிருந்து அத்தகைய பெட்டிகளிற் குழல் வருவதும் தடுக்கப்பட்டது. இங்கே நாம் மனமுவந்து பாராட்டத்தக்க ஒரு கொள்கை உண்டு: ஒருமுறை தானியங்கியாகப் பிறந்த கூடு, என்ன திருத்தம் செய்தாலும் தானியங்கியாகவே கருதப்படும். 1986 மே மாதத்துக்குப் பின் செய்யப்பட்ட தானியங்கி எதுவும் தனியாருக்குரியதாகாது என்பதும் அங்கே சட்டம்.

இக்கொள்கையை மறந்ததன் விலையை ஐரோப்பா கொடுத்தது. ஸ்லோவாக்கியாவிலே, செக்கோஸ்லோவாக்கியப் படையின் பழைய துப்பாக்கிகளை, நாடகத்திலும் திரைப்படத்திலும் வெற்றோசை எழுப்பும் கருவிகளாக மாற்றிக் கடையில் விற்றனர். பதினெட்டு வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிச் செல்லலாம். கருத்து நல்லதே, செயல்தான் அரைகுறை. செய்த மாற்றத்தைக் கைத்திறன் உள்ளவன் மீண்டும் அழித்துவிட முடிந்தது. 2015 ஜனவரி 9ஆந் திகதி பாரிஸ் நகரின் யூத வணிக நிலையத்திலே நால்வரைப் பலிகொண்டவன் கையில் இருந்தவை அத்தகைய கருவிகளே. வெற்றோசைக் கருவி என்று சட்டம் சொன்னது. கருவி சட்டத்தைப் படித்திருக்கவில்லை.

அதே ஆண்டு டிசெம்பரில், செயலிழக்கச் செய்த துப்பாக்கிகள் மீண்டும் சுடமுடியாதவாறு எப்படி அழிக்கப்படவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் பொது விதி வகுத்தது. 2017இன் பணிப்புரை மேலும் ஒருபடி சென்று, வெற்றோசைக்காக மாற்றப்பட்ட துப்பாக்கி தன் பழைய வகுப்பிலேயே வைத்து நோக்கப்படும் என்றது. தானியங்கியாகப் பிறந்ததை அரைத் தானியங்கியாக்கினாலும் அது தடுக்கப்பட்ட வகுப்பிலேயே நிற்கும். இதுவே நேரிய அளவுகோல் என்பது எம் கருத்து. உறுப்பு எந்நாட்டது என்பதோ, பிடங்கில் துளை உண்டா என்பதோ கேள்வியன்று. அறுத்தது திரும்பி ஒட்டுமா? ஒட்டினால் என்ன செய்யும்? இவற்றையே சட்டம் கேட்கவேண்டும்.

இந்த அறிவு நவீன காலத்தவர் கண்டுபிடித்ததன்று. பிரித்தானிய இந்தியாவின் இச்சாப்பூர்த் தொழிற்சாலையிலே, .303 லீ-என்பீல்டின் குழலைத் துளை பெருத்த, வரித்தடமற்ற .410 ஆக்கி, ரவைக்கூட்டையும் அடைத்து, ஒற்றை ரவைத் துப்பாக்கியாக மாற்றிப் பொலிசாருக்கும் காவலாளருக்கும் கொடுத்தார்கள். தன் ஊழியரையே முழுமையாக நம்பாத ஏகாதிபத்தியம், துப்பாக்கியின் ஆற்றலைக் குறைப்பது எப்படி என்பதை மட்டும் ஐயந்திரிபற அறிந்திருந்தது.

சேகரிப்பாளர் தரப்பையும் கேட்காமல் தீர்ப்புக் கூறுவது எம் தொழிலுக்கு அடுக்காது. அவருட் பெரும்பாலோர் தீங்கு நினையாதவர். ஒரு துப்பாக்கியின் முத்திரையைப் பார்த்து, எந்த ஆலையில், எந்த ஆண்டில், எந்தப் படைக்குச் செய்யப்பட்டது என்று கூறவல்லவர். தென்கொரியக் களஞ்சியங்களிலிருந்த ஏறக்குறைய 87,000 பழைய அமெரிக்க கராண்ட் துப்பாக்கிகளைத் திருப்பி அழைக்க முயற்சி எழுந்தபோது அவர்கள் மகிழ்ந்தனர்; ஒபாமா அரசு இடைமறித்து, 2013இல் அத்தகைய படைக்கலம் தனியாருக்குத் திரும்பி வருவதை நிறுத்தியபோது வெகுண்டனர். தம் பாட்டன் ஏந்திய துப்பாக்கியைத் தாம் வைத்திருப்பதில் என்ன குற்றம் என்று கேட்டனர். குற்றமில்லை என்பதே எம் விடை, ஒரு நிபந்தனையுடன். அவர் யாரென்று அரசுக்குத் தெரியவேண்டும். அவர் விற்றால் வாங்குபவரும் யாரென்று தெரியவேண்டும். உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க 1993இலேயே அமெரிக்கா சட்டம் செய்தது. ஆயின் ஒரு தனியார் தம் மாநிலத்துக்குள் மற்றொரு தனியாருக்கு விற்கும்போது, மத்திய சட்டம் அச்சோதனையைக் கேட்பதில்லை. முன்வாசலிற் காவலனை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறத்து வேலியைப் பிடுங்கிவிட்ட கதை இது.

எனினும் நீதிமன்றங்கள் முற்றிலும் உறங்கிவிடவில்லை. அரைகுறைக் கூட்டையும் உறுப்புகளையும் ஒரே பெட்டியில் விற்றுவிட்டு, இது துப்பாக்கியே அன்று என்று வாதித்த வணிகரின் வழக்கில், 2025 மார்ச்சில் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையால், அத்தகைய பெட்டிகளையும் துப்பாக்கிச் சட்டத்துக்குள் கொண்டுவரும் விதி செல்லும் என்றது. எளிதிற் பூட்டிச் சுடக்கூடியது எதுவோ அதுவும் ஆயுதமே என்ற இந்த நோக்கு, பத்து உறுப்புக் கணக்கைக் காட்டிலும் நேர்மையானது.

நம் நாட்டிலே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்னும் அடிப்படையாக நிற்கின்றது. அதன்கீழ் உரிமம் கேட்டுக் கச்சேரிப் படியேறும் உழவனின் அலைச்சலை நாம் அறிவோம். அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும். ஆனால் துவக்குக்கு ஓர் உரிமையாளன், அவனுக்கு ஒரு பெயர், அப்பெயர் ஒரு பதிவேட்டில் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டை இழக்க நாம் ஒருபோதும் உடன்படோம். 1963இல் ஹிடெல் என்ற பொய்ப்பெயருக்குத் துப்பாக்கி அனுப்பியது அத்தகைய ஏற்பாடு இல்லாத ஒரு நாடு.

அந்த இத்தாலியத் துப்பாக்கியைக் கொலையாளி எனப்பட்டவனின் மனைவியிடமிருந்து விலைக்கு வாங்க ஒரு சேகரிப்பாளர் முன்வந்தார். அரசுடன் வழக்கும் ஆடினார். அமெரிக்க கொங்கிரஸ் 1965இல் ஒரு தனிச்சட்டம் இயற்றி, அக்கொலை தொடர்பான சான்றுப் பொருட்களை அரசு கையகப்படுத்த வழிசெய்தது. துப்பாக்கி இன்று மேரிலாந்து மாநிலத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. சிக்காகோவிற் பூட்டிய தொலைநோக்கியும் அதனுடன் இருக்கின்றது.